டிப்போவும் பன்னிரண்டாவது ஷரத்தும்

என்மேல் ஒருநாளும் கோபப்படாத மாமாவுக்கு,

உங்களோடு நான் சண்டை போட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அடுப்படியிலிருந்து நான் கத்துவதும், நீங்கள் வாசலில் உட்கார்ந்து காதில் விழாததுபோல் பேப்பர் படிப்பதும் இல்லாமல் இந்த வீடு வீடாகவே இல்லை. அந்த வீடும் இன்னும் மூன்று நாளைக்குத்தான் நமக்கு.

ஆமாம், காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரம்மா நல்லவர்தான், அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் இருந்த மகன் குடும்பத்தோடு திரும்பி வருகிறான், மூன்று மாதம் அவகாசம் தந்தார். மாதம் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. எங்களுக்கு வீடு கிடைக்கவில்லை. சரியாகச் சொன்னால், எங்களுக்குக் கிடைக்கிறது. டிப்போவோடு சேர்த்துக் கிடைக்கவில்லை.

ஒரு நாயை என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

இதை நோட்டில் எழுதி அலமாரியில் மூடி வைத்திருக்கலாம். ஊரறியப் போடுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. புதுக்கோட்டையில் காலி வீடு வைத்திருக்கும் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுத் தொலையட்டும் என்றுதான். வெட்கப்படுவதை எல்லாம் நான் இந்த மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். படிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் ஆவூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டர், பாதி நாள் ஆவுடையார்கோவில் வண்டி. நான் உங்கள் ஒரே மகனைக் கட்டியவள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் டைப்பிஸ்ட் வேலை பார்க்கிறேன்.

டிப்போ வந்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு வருஷத்துக்கு முன்னால், உங்கள் கடைசி டூட்டி அன்று, மாலையும் சால்வையுமாக வந்து இறங்கினீர்கள். நானும் மகள் ஜெனியும் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றோம். டிக்கெட் போடும் அந்தத் தோல் பையை என்னிடம் நீட்டினீர்கள். வாங்கியதும் உள்ளே ஏதோ நெளிந்தது. டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் கிடந்ததாம், தாயைக் காணோமாம். காப்பிப்பொடி நிறத்தில், ஒரு காது மடங்கிய குட்டி. டிப்போவில் கிடைத்ததால் பெயரும் டிப்போ.

"நாயெல்லாம் வளக்க முடியாது மாமா, வாடகை வீடு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "வாடகை நம்ம குடுக்கப் போறோம், அது எங்கம்மா குடுக்குது?" என்றீர்கள். அத்தோடு விவாதம் முடிந்தது.

வேலை இல்லாத கண்டக்டர் என்ன செய்வார்? நாய்க்கு டூட்டி போட்டுக் கொடுத்தீர்கள். பஸ்ஸில் ஊதிய அதே விசில். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு விசில் என்றால் ஒருமுறை குரைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். தெருவில் எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். சாயங்காலம் நடக்கக் கூட்டிப்போகும்போது வாசலில் இரண்டு விசில் கேட்கும், "வவ்" என்று ஒரு குரைப்பு கேட்கும், பிறகு உங்கள் செருப்புச் சத்தம். திரும்பி வந்ததும் ஒரு விசில். வண்டி வந்துவிட்டது என்று நான் காப்பிக்குப் பால் வைப்பேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள். உங்கள் மகன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார், நான் இந்தப் பக்கம். நீங்கள் என் பக்கம்தான் திரும்பினீர்கள். "டிப்போவ விட்றாதம்மா" என்றீர்கள். பெற்ற மகனை விட்டு என்னிடம் ஏன் சொன்னீர்கள் மாமா? தினமும் டிப்போவைத் திட்டியவள் நான். குட்டியாக இருந்தபோது தூக்கி வெளியே போடுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் சொன்னீர்களா?

நான் சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதை நீங்கள் பார்த்தீர்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.

வீடு தேடிய கதையைக் கேளுங்கள். முதலில் திருக்கோகர்ணம் பக்கம் ஒரு வீடு. அந்த அம்மா அன்பாகத்தான் பேசினார். குழாயைத் திறந்து தண்ணீர் காட்டினார், சாமி ரூமில் நாங்கள் மாதா படம் வைத்துக்கொள்ளலாம் என்றார். "எத்தன பேருங்க?" என்றார். "மூணு பேருங்க, ஒரு நாயும் இருக்கு" என்றேன். குழாயை மூடினார். "எங்க வீட்டுக்காரருக்கு நாயின்னா ஆகாதே. கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. என் நம்பரைப் பார்த்தால் அவர் போனை எடுப்பதும் இல்லை.

இன்னொரு வீட்டில் முதல் கேள்வியே எந்த ஆளுங்க என்பதுதான். ஆவூர் பக்கம், வேதக்காரங்க, கிறிஸ்தவங்க என்றேன். "கறி மீனெல்லாம் ஆக்குவீங்களே." "ஞாயித்துக்கிழமை மட்டும்தாங்க." அதைக்கூட அவர் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார். நாய் என்றதும் ஒரு படி கீழே இறங்கி எனக்கும் கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் நாயைப் பையில் வைத்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மாடி வீடு ஒன்று. கீழே வீட்டுக்காரர் வராந்தாவில் கூண்டு கூண்டாக லவ் பேர்ட்ஸ், தரையெல்லாம் தினையும் எச்சமும். அதன் நடுவில் நின்றுகொண்டு, "பிராணின்னாலே சுத்தம் இருக்காதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பால் போன வீடு அது. இன்னொருவர் மொட்டை மாடியில் கட்டிப்போட்டால் சரி என்றார். போய்ப் பார்த்தேன், ஒதுங்க ஒரு கைப்பிடிச் சுவர் நிழல்கூட இல்லை. இன்னொருவர் நாய்க்கு என்ன வயசு என்று கேட்டார். எட்டு என்றேன். "அப்ப ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சிரும், அப்பறம் வாங்களேன்" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, உதவியாகத்தான் சொன்னார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து திருப்பத்தில் நின்று அழுதேன்.

பிறகு ஒரு வீடு கிடைத்தது மாமா. உண்மையாகவே கிடைத்தது.

அன்னவாசல் ரோட்டில், ஊரைத் தாண்டி, வயலுக்குப் பக்கத்தில் தனி வீடு. கிராம நிர்வாக அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருடையது. நாங்கள் டிப்போவையும் கூட்டிக்கொண்டே போனோம். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் கையை நீட்டினார், டிப்போ மோந்து பார்த்துவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான். "இருக்கட்டும்மா. சுத்திக் காடா கெடக்கு. பாம்பு பூச்சி வந்தா சத்தம் குடுக்கும்ல" என்றார். நான் அன்று சாயங்காலமே உங்கள் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜெனி அந்த வீட்டில் தன் மேசை எங்கே வரும் என்று பேப்பரில் படம் போட்டாள்.

மறுநாள் பெரியவர் பத்திரம் அடிக்க எங்கள் ஆபீசுக்கே வந்தார். முன்பு குடியிருந்தவர்களின் பழைய வாடகைப் பத்திரத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். "இதே மாதிரி அடிச்சிருங்கம்மா, பேரு மட்டும் மாத்துனாப் போதும்" என்றார். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஆயுசு முழுக்கத் தாள் படித்த மனிதர். விரலை வைத்து வரிவரியாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அட்வான்ஸ், கரண்ட் பில், உள்வாடகை. பன்னிரண்டாவது ஷரத்தில் விரல் நின்றது.

"நம்மில் இரண்டாம் லக்கமிட்டவர் ஷை வீட்டில் நாய், பூனை, ஆடு, கோழி, புறா முதலான எந்தப் பிராணியையும் எக்காரணம் கொண்டும் வளர்க்கக் கூடாது."

ஷை என்றால் மேற்படி, இரண்டாம் லக்கமிட்டவர் என்றால் குடியிருக்க வருபவர். அதாவது நான்.

அந்த வரியை எழுதியவளும் நான்தான். உங்களிடம் சொல்லாத விஷயம் இது. டிப்போ குட்டியாக இருந்தபோது ஜெனி முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைக் கவுனைக் கடித்துக் குதறினான், நினைவிருக்கிறதா? பூசைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கவுனை இரவல் வாங்கி இடுப்பில் ஊக்குக் குத்திப் பிள்ளையைப் பீடத்துக்கு அனுப்பினோம். அந்தக் கவுனைக் குப்பையில் போட்டுவிட்டு, உங்களோடு சண்டையும் போட்டுவிட்டு, ஆபீசுக்குப் போனேன். வீட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். "முன்ன இருந்தவங்க ஆடு வளத்து வாசல நாசம் பண்ணிட்டாங்க, அதுக்கு ஒரு வரி போடுங்கம்மா" என்றார். அவர் கேட்டது ஆட்டுக்கு. நான் நாயில் ஆரம்பித்தேன். எக்காரணம் கொண்டும் என்பது அவர் சொன்னதே இல்லை. என் வயிற்றெரிச்சலை எல்லாம் அந்த ஒரு வரியில் கொட்டினேன்.

கொட்டியதோடு விட்டேனா? கம்ப்யூட்டரில் நாங்கள் எல்லாப் பத்திரத்துக்கும் வைத்திருக்கும் மாதிரி நகலிலேயே அதைச் சேர்த்து சேமித்துவிட்டேன். அதன் பிறகு யார் வந்தாலும் பெயரும் தெருவும் மட்டும் மாற்றி அடிப்பதுதானே எங்கள் வேலை? எட்டு வருஷமாக அந்த வரி போய்க்கொண்டே இருக்கிறது. எங்களிடம் வாங்கிய பத்திரத்தைப் பார்த்து மற்ற ஆபீசுகளிலும் அடித்திருப்பார்கள். நாயைப் பற்றி நினைத்தே பார்க்காத வீட்டுக்காரர்கள்கூட அந்தப் பத்திரத்தைப் படித்து, ஓ, நாய் கூடாதுபோல என்று தெரிந்துகொண்டிருப்பார்கள். குழாயை மூடிய அந்த அம்மாவின் அலமாரியிலும் என் தாள் ஒன்று இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது.

"பன்னெண்டாவதுல இப்படிப் போட்டிருக்கேம்மா" என்றார் பெரியவர்.

"அத எடுத்துரலாம்ங்கய்யா."

"பத்திரத்துல இருக்குதே. எப்படி எடுக்குறது?"

"அது நானாப் போட்டதுங்கய்யா. ஒரு கோவத்துல போட்டுட்டேன். சட்டமெல்லாம் இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோவத்துல முத்திரைத்தாள்ல எழுதுவாங்களா? சர்க்கார்ல சொல்லாம இதுல ஒரு வரி வருமாம்மா?"

எங்கள் எழுத்தர் ஐயா எழுந்து வந்து பொறுமையாக விளக்கினார். இது இரண்டு பேருக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம், வேண்டியதை வைக்கலாம், வேண்டாததை எடுக்கலாம் என்றார். பெரியவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப மத்த ஷரத்தெல்லாமும் இந்தம்மா போட்டதுதானா?" என்றார். எழுத்தர் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் பத்திரத்தை நாலாக மடித்து மஞ்சள் பையில் வைத்தார். "இருக்கறத மீறி நாளைக்கு ஒரு வம்புன்னா நான் எங்கிட்டுப் போயி நிப்பேன்? கோயமுத்தூர்ல மகன் இருக்கான், கேட்டுட்டு வாரேன்" என்று எழுந்துவிட்டார். மகன் வேண்டாம் என்றுவிட்டானாம். பெரியவர் அதைப் போனில் சொன்னபோது அவர் குரலே இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உங்கள் மகன்தான் முடிவெடுத்தார். கந்தர்வக்கோட்டைப் பக்கம் உங்கள் அக்கா மகன் சூசை அண்ணனுக்கு முந்திரித் தோப்பு இருக்கிறதே, அங்கே கொண்டுபோய் விடுவோம் என்றார். தோப்பு பெரியது, ஓடியாடித் திரிவான், மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அவர் சொன்னது எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஒத்துக்கொண்டேன். அவர்மேல் மட்டும் பழி போட மாட்டேன்.

மாமா, இனி வருவதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உங்கள் மகன் குட்டியானை லோடு வண்டி ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். டிப்போ ஏற மாட்டேன் என்றான். நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டான். உங்கள் மகன் தூக்கப் போனார், அவரைப் பார்த்தே உறுமினான். இந்த எட்டு வருஷத்தில் அவன் வீட்டு ஆளைப் பார்த்து உறுமியதில்லை. பிஸ்கட் காட்டினோம், ஏறவில்லை. வண்டிக்காரர் நேரமாகிறது என்றார். நான் உள்ளே போனேன். மாதா படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டியிருந்த உங்கள் விசிலை எடுத்து வந்தேன். வாசலில் நின்று இரண்டு முறை ஊதினேன்.

உங்களுக்குப் பிறகு அந்த விசிலை யாரும் ஊதியதில்லை. அவனுடைய மடங்கிய காதுகூட நிமிர்ந்தது. ஒருமுறை குரைத்தான், எப்போதும்போல, சரி என்று சொல்கிற மாதிரி. ஒரே தாவாகத் தாவி வண்டியில் ஏறிவிட்டான். வால் ஆடிக்கொண்டே போனது. ஜெனி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏமாற்றி அனுப்பினேன் மாமா. நீங்கள் நடக்கக் கூட்டிப்போகக் கற்றுக்கொடுத்த விசிலை வைத்தே அனுப்பினேன்.

நாய் போன மறுநாளே வீடு கிடைத்துவிட்டது. மச்சுவாடியில், இரண்டு ரூம், ஜெனியின் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம். பத்திரத்தை நானே அடித்தேன். இரண்டாம் லக்கத்தில் என் பெயரை அடித்தேன், பன்னிரண்டாவது ஷரத்தும் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

ஞாயிறு காலையில் சூசை அண்ணன் போன் பண்ணினார். "தங்கச்சி, நாயி மூணு நாளா ஒண்ணுந் திங்க மாட்டேங்குது. தோப்புக்குள்ளயே நிக்கல. ரோட்டுல பஸ் ஸ்டாப்புல போயி ஒக்காந்துருக்கு. பஸ்சு வந்து நின்னா எந்திரிச்சுப் பாக்குது. ரெண்டு விசில் அடிச்சாப் போதும், ஒரு தடவ குரைச்சுட்டு வண்டி பின்னாடியே ஓடுது. பாலம் வரைக்கும் ஓடிட்டு, திரும்பி வந்து அங்கிட்டே ஒக்காந்துக்கிருது. கட்டிப் போட்டேன், கயித்த அத்துருச்சு. நாளைக்கி லாரி கீரி அடிச்சுப்புட்டா என்னயக் கேக்கக் கூடாதும்மா."

நான் பூசைக்குப் போகவில்லை. கையெழுத்துப் போடவும் போகவில்லை. விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. அந்த ஸ்டாப்பில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தார், வண்டி நின்றது. ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டேன். வேலிக்காத்தான் ஓரம் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்றான். நான் முன்படியில் இறங்கினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை மாமா. பின்படியில் நின்ற கண்டக்டரின் முகத்தைத்தான் பார்த்தான். காக்கிச் சட்டையைப் பார்த்தான், தோளில் தொங்கிய பையைப் பார்த்தான், மறுபடியும் முகத்தைப் பார்த்தான். மூன்று நாளாக வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அவன் தேடியது என்னை அல்ல, உங்களை. நான் ஊதிய விசிலைக் கேட்டு, நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று நம்பித்தான் அன்று வண்டியில் ஏறியிருக்கிறான்.

கண்டக்டர் இரண்டு விசில் அடித்தார். டிப்போ குரைத்துவிட்டு ஓட ஆரம்பித்தான். பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் லாரி சத்தத்தில் அவனுக்குக் கேட்காது. பையிலிருந்து விசிலை எடுத்து மூச்சு உள்ளவரைக்கும் ஒரே ஒரு விசில் ஊதினேன்.

டிப்போ நின்றான். பஸ்ஸும் நின்றுவிட்டது.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யாருங்க அது விசில் அடிச்சது? வெளையாட்டா இருக்கா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டினார்கள். நடுரோட்டில், தலை நனைந்து, வாயில் விசிலோடு நிற்கிற பொம்பளையைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்தது. "ஏறுறீங்களா?" என்றார்.

"திரும்பி வாரப்ப நாயோட ஏத்துவீங்களா?" என்றேன்.

"நாய ஏத்த முடியாதுங்க. ரூல்ஸ் இல்ல" என்றார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். என்ன, சொல்லிவிட்டு ஏற்றியிருப்பீர்கள்.

அவன் மெல்ல நடந்து என்னிடம் வந்தான். என் கையில் இருந்த விசிலை மோந்து பார்த்தான், நக்கினான், பிறகு என் காலில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டான். விலா எலும்பு கையில் தட்டுப்பட்டது. நான் சேறென்றும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் மகனுக்குப் போன் பண்ணினேன். "நான் கையெழுத்துப் போடலீங்க. டிப்போவோட புதுக்கோட்டைக்கு நடந்து வாரேன்" என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "எங்கிட்டு நிக்கிற?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம், மொபெட்டில் எதிரே வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. "போன் வந்தப்ப நான் ஆதனக்கோட்டை தாண்டிட்டேன்" என்றார். அவரும் வீட்டில் சொல்லாமல் அவனைக் கூட்டிவரக் கிளம்பியிருக்கிறார். டிப்போவைத் தூக்கிக் கால் வைக்கும் இடத்தில் உட்கார வைத்தார். இந்த முறை அவன் உறுமவில்லை. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவர் முதுகு குலுங்கியதை மழையில் நனைந்த குளிர் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மச்சுவாடி வீட்டை மறுநாளே வேறொருவர் பிடித்துவிட்டார். அந்தப் பத்திரத்தில் என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரை நான்தான் அடித்துக் கொடுத்தேன். அவரிடம் நாயும் பூனையும் இல்லையாம். எழுத்தர் ஐயாவிடம் கேட்டுவிட்டு, மாதிரி நகலில் இருந்த பன்னிரண்டாவது ஷரத்தை அன்றே அழித்தேன். "யாராச்சும் வாயத் தொறந்து கேட்டா மட்டும் போட்டுக் குடும்மா" என்றார். இப்போது பன்னிரண்டாவதாக வெள்ளையடிப்பது வந்திருக்கிறது. ஆனால் எட்டு வருஷமாக ஊருக்குள் போன தாள்களை நான் எங்கே போய் அழிப்பேன்?

சாமான்களை என் அக்கா வீட்டு மாடிப்படிக்குக் கீழே அடுக்கலாம் என்றிருக்கிறோம். ஜெனி அங்கே படுத்துக்கொள்வாள், அவளுக்குப் பரீட்சை வருகிறது. அக்காவின் மாமியாருக்கு மூச்சிழுப்பு, அதனால் டிப்போ அங்கே போக முடியாது. உங்கள் மகனின் மோட்டார் காயில் கட்டும் கடையில், மோட்டார்களுக்கு நடுவில், எங்கள் இரண்டு பேருக்கும் பாய் விரிக்கவும் அவன் சுருண்டுகொள்ளவும் இடம் இருக்கும். ஆனால் கடைக்கும் பத்திரம் உண்டு மாமா. அதையும் நான்தான் அடித்தேன். பன்னிரண்டாவது ஷரத்து அதிலும் இருக்கிறது. கட்டிடத்துச் சொந்தக்காரர் அதைப் படித்திருக்கக் கூடாது என்று தினமும் செபமாலை சொல்கிறேன்.

மழை வேறு விடாமல் பெய்கிறது. சாமான் ஏற்றும் அன்றைக்காவது வெறிக்குமா? மூன்று நாளில் ஏதாவது ஒரு கதவு திறக்குமா? என்னைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலே இன்றைக்கும் இரண்டு வீடு பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இரண்டிலும் நாய் இருக்கிறது என்பதைத்தான் முதலில் சொன்னேன், எங்கள் பெயரைச் சொல்வதற்கு முன்னால்.

அடுத்த வாரம் கல்லறைத் திருநாள். நீங்கள் போன பிறகு வரும் முதல் கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தி வாங்கி வைத்துவிட்டேன், சாமந்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவனை அனுப்பியிருந்தால் எந்த முகத்தோடு உங்கள் முன்னால் வந்து நின்றிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆவூர்க் கல்லறைக்கு நாங்கள் மூன்று பேரும் டிப்போவும் வருவோம். எந்த வீட்டிலிருந்து கிளம்பி வருவோம் என்பது மட்டும் இப்போது தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் தலையாட்டியது உங்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ, இப்போது எழுத்தில் தருகிறேன். அவனை அனுப்புவதற்காக அந்த விசிலை இனி ஒருநாளும் வாயில் வைக்க மாட்டேன். எத்தனை நாள் ஆனாலும் சரி, நாங்கள் நாலு பேரும் நுழைகிற வீடு ஒன்று கிடைக்கும்வரை அது என் கைப்பையிலேயே கிடக்கும். கிடைத்த அன்று வாசலில் நின்று ஒரே ஒரு விசில் அடிப்பேன். நம் வண்டி வந்து நின்றுவிட்டது என்று நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓயாமல் உங்களோடு சண்டை போட்ட,
உங்கள் மருமகள்
செல்வி